தண்ணீர் கேட்காத இரண்டு செடிகள்

மே மாதம் முழுவதும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாமல் விட்டுவிட்டால் ஒரு பூந்தோட்டம் என்ன ஆகும்?

"காய்ந்து போகும்" என்றுதானே சொல்வீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

1993-ம் ஆண்டு. இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியை. அங்கே தண்ணீர் என்றால் ஒரே ஓர் அடிகுழாய்தான். சத்துணவுக்கும் அதுதான், குடிக்கவும் அதுதான். அதனால் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் தண்ணீரை ஒரு வாய்க்கால் வெட்டித் திருப்பி, சின்னத் தோட்டம் ஒன்று போட்டிருந்தோம். காசித்தும்பை, துலுக்க சாமந்தி, நாலு ரோஜாச் செடிகள், செம்பருத்தி, வேலியோரம் அரளி, வாசல்படி அருகே நித்தியகல்யாணி.

கோடை விடுமுறை வந்தது. பள்ளியைப் பூட்டிவிட்டுப் போனோம். ஜூன் மாதம் வந்து கதவைத் திறந்தால் தோட்டம் முழுவதும் சருகு! ரோஜா குச்சியாக நின்றது. செம்பருத்தியில் ஓர் இலை இல்லை. காசித்தும்பை இருந்த இடமே தெரியவில்லை. ஆனால் வேலியோரம் அரளி கொத்துக் கொத்தாகச் சிவப்பாகப் பூத்திருந்தது. வாசல்படியில் நித்தியகல்யாணி கொஞ்சம் இளைத்திருந்தாலும் பத்துப் பதினைந்து பூக்களோடு நின்றது.

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், இது ரெண்டும் மட்டும் யார்கிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சுச்சு?"

நல்ல கேள்வி இல்லையா? அதற்கு அன்றைக்கு என்னால் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு புத்தகங்களைத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். கூடவே, நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் இரண்டு செடிகளையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காசித்தும்பை போன்றவை ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதை கொடுத்து முடிந்துவிடும். இவை இரண்டும் அப்படி இல்லை. பல ஆண்டுகள் வாழ்கிற பல்லாண்டுத் தாவரங்கள்.

நித்தியகல்யாணி உங்கள் முழங்கால் உயரம், மிஞ்சினால் இடுப்பு உயரம் வளரும். இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே இருக்கும். ஐந்து இதழ்களோடு இளஞ்சிவப்பிலோ வெள்ளையிலோ பூக்கும். ஆண்டு முழுவதும் பூப்பதால்தான் 'நித்திய'கல்யாணி! இதன் சொந்த ஊர் நம் நாடே அல்ல. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கும் மடகாஸ்கர் தீவு.

சில ஊர்களில் இதற்குச் 'சுடுகாட்டுப்பூ' என்றும் பெயர் உண்டு. எங்கள் பள்ளியில் நட்டபோது ஒரு பையனின் தகப்பனார் வந்து, "பிள்ளைங்க படிக்கிற எடத்துல சுடுகாட்டுப்பூவா டீச்சர்?" என்று சங்கடப்பட்டார். யோசித்துப் பாருங்கள். சுடுகாட்டில் யார் குடம் எடுத்துப் போய்த் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள்? யாரும் கவனிக்காத இடத்திலும் பிழைத்துக்கொள்ளும் செடி என்பதால் அங்கே தானாக நிறைந்துவிட்டது. பெயரில் இருக்கும் குற்றம் செடியில் இல்லை என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அரளி பெரிய செடி. இரண்டு ஆள் உயரத்துக்குக்கூட வளரும். இலைகள் நீளமாக, கத்தி போல, தடித்து இருக்கும். ஒரு கணுவுக்குப் பெரும்பாலும் மூன்று இலைகள். பூவில் சிவப்பு, வெள்ளை, ரோஸ் எல்லாம் உண்டு. (மஞ்சள் பூப் பூக்கும் பொன்னரளி வேறு செடி. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நாம் பேசுவது செவ்வரளியைப் பற்றி.) மத்தியதரைக் கடல் பகுதி தொடங்கி ஆசியா வரை, வறண்ட ஆற்றுப் படுகைகளில் தானாக வளரும் இனம் இது. சேலம் மாவட்டத்தில் பனமரத்துப்பட்டிப் பக்கம் போனால் தோட்டம் தோட்டமாக அரளி பயிரிட்டிருப்பதைப் பார்க்கலாம். மாலை கட்டுவதற்காக அங்கிருந்து மூட்டை மூட்டையாக அனுப்புகிறார்கள்.

பார்ப்பதற்குச் சம்பந்தமே இல்லாத இந்த இரண்டும் உறவுக்காரச் செடிகள் என்றால் நம்புவீர்களா? தாவரவியலில் இரண்டுமே 'அப்போசைனேசி' என்ற ஒரே குடும்பம். மனிதன் இதைப் பூவைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தான். ஆனால் ஒரு புழுவுக்கு இது முன்பே தெரியும்! உடம்பு பச்சையாக, வாலில் சின்னக் கொம்போடு, தலைக்குப் பின்னால் நீலநிறக் கண் போன்ற இரண்டு புள்ளிகளோடு, உங்கள் விரல் பருமனுக்கு ஒரு புழு அரளியில் இருக்கும். அரளி அந்துப்பூச்சியின் புழு அது. அரளி இலை கிடைக்காத இடத்தில் நித்தியகல்யாணி இலையைத் தின்னும். பக்கத்தில் இருக்கும் ரோஜாவைத் தொடாது. சித்தப்பா வீடு, பெரியப்பா வீடு என்று தெரிந்து போய்ச் சாப்பிடுகிற பிள்ளை மாதிரி!

சரி, அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம்.

செடி மண்ணிலிருந்து உறிஞ்சும் தண்ணீரில் பெரும்பகுதியை இலைகளின் வழியே ஆவியாக வெளியே விட்டுவிடுகிறது. நீராவிப்போக்கு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு துளைகள் இருக்கின்றன. அவை திறந்தால்தான் உணவு தயாரிக்கக் காற்று உள்ளே வரும். ஆனால் திறந்தால் ஈரம் வெளியே போய்விடும். வெயில் காலத்தில் செடிக்கு இதுதான் பெரிய சங்கடம்.

அரளி என்ன செய்கிறது தெரியுமா? பழைய காலத்து வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? கூடத்துக் கதவு நேராகத் தெருவில் திறக்காது. திண்ணை, நடை எல்லாம் தாண்டி உள்ளே இருக்கும். தெருவில் புழுதிக் காற்று அடித்தாலும் கூடத்தில் விளக்கு அணையாது. அரளி இலையும் அதே மாதிரிதான். துளைகளை இலையின் மேற்பரப்பில் வைக்காமல், குட்டிக் குட்டிக் குழிகள் அமைத்து அவற்றுக்குள்ளே வைத்திருக்கிறது. குழியின் உள்ளே மெல்லிய ரோமங்கள் வேறு! வெளியே வெப்பக் காற்று வீசினாலும் குழிக்குள் இருக்கும் ஈரக் காற்றை அது எளிதில் அடித்துக்கொண்டு போக முடியாது. போதாததற்கு, இலையின் மேல்பக்கம் மெழுகு பூசியது போல ஒரு தடித்த தோல்.

நித்தியகல்யாணிக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு கிடையாது. அதன் வழி வேறு. தண்ணீர் குறைந்தால் இலையை உள்பக்கமாக மடித்துக்கொள்ளும். அப்போது வெயில் படும் பரப்பு குறைகிறதல்லவா? இன்னும் தட்டுப்பாடு வந்தால் அடியில் இருக்கும் பழைய இலைகளை மஞ்சளாக்கி உதிர்த்துவிட்டு, நுனி இலைகளை மட்டும் வைத்துக்கொள்ளும். அப்படியும் தாய்ச்செடி பட்டுப்போனால் கவலை இல்லை. இரட்டைக் காய்களாக வெடித்துக் கீழே சிந்தியிருக்கும் கறுப்பு விதைகள் அடுத்த மழைக்கு முளைத்துவிடும். எங்கள் பள்ளி வாசலில் நான் நட்டது மூன்றே செடிகள். இரண்டே ஆண்டில் படிக்கல் இடுக்கில் எல்லாம் முளைத்திருந்தது.

ஒன்று பல ஆண்டுகள் அசையாமல் நிற்கிறது. மற்றொன்று பிள்ளை குட்டிகளைப் பெருக்கிப் பிழைக்கிறது. எனக்கு எப்போதும் இரண்டாவதுதான் பிடிக்கும். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

இப்போது என் தவறைச் சொல்கிறேன்.

வறட்சியைத் தாங்கினால் மட்டும் போதாது, குழந்தைகளே. வறண்ட நிலத்தில் எங்கும் பச்சையே இல்லாதபோது ஒரே ஒரு செடி மட்டும் பச்சையாக நின்றால் ஆடு மாடு சும்மா விடுமா? அதற்கும் இந்தச் செடிகள் வழி வைத்திருக்கின்றன. இரண்டின் இலையிலும் கசப்பும் நச்சும் இருக்கின்றன. அரளியில் இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே நச்சு. அது இதயத்தைத் தாக்கும். நம் தேசிய நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் வரிசையாக அரளி வைத்திருப்பதைப் பேருந்தில் போகும்போது பார்த்திருப்பீர்கள். தண்ணீர் அதிகம் வேண்டாம், புகையையும் புழுதியையும் தாங்கும், எதிரே வரும் வண்டியின் விளக்கு வெளிச்சத்தை மறைக்கும், மாடும் மேயாது. அந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான செடி இல்லை.

இது எல்லாம் அன்றைக்கு எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அந்த ஆண்டு ஜூலையில் அரளி மிகவும் படர்ந்துவிட்டது என்று நானே கிளைகளை வெட்டி வேலிக்கு வெளியே போட்டேன். "ஆடு அரளியைத் தொடாது" என்று கேள்விப்பட்டிருந்ததால் கவலைப்படவில்லை. பச்சை இலையைப் பெரும்பாலும் தொடாதுதான். ஆனால் மூன்று நாள் வெயிலில் காய்ந்த இலையில் கசப்பு குறைந்துவிடும். நச்சு குறையாது! இதுதான் எனக்குத் தெரியாமல் போன விஷயம்.

பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் இரண்டு வெள்ளாடுகள் இருந்தன. நாலாம் நாள் காலையில் ஒன்று வேலியோரம் விழுந்து கிடந்தது. பாட்டி என்னைத் திட்டவில்லை. "டீச்சரம்மா நல்லதுக்குத்தான் தழை வெட்டிப் போட்டிருக்காகன்னு நெனச்சு அவுத்து விட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த மாதச் சம்பளத்தில் ஆட்டின் விலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றார். அவருடைய பேத்தி என் வகுப்பில்தான் படித்தாள். அவள் கையில் கொடுத்து அனுப்பினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் எங்கேயாவது வெட்டிப் போட்ட அரளிக் கிளையைப் பார்த்தால் அந்த வெள்ளாடு கண்முன் வந்து நிற்கும்.

மனிதர்களுக்கும் இது ஆபத்துதான். கேரளத்தில் அரளி நச்சைப் பற்றிப் பெரிய கவலை எழுந்ததால், 2024-ம் ஆண்டு மே மாதம் திருவாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் தங்கள் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்தன. ஆகவே அரளியைப் பாருங்கள், ரசியுங்கள். இலையையோ பூவையோ வாயில் வைக்காதீர்கள். அதன் குச்சியை ஸ்பூனாகவோ, ஐஸ் குச்சியாகவோ, பல் குத்தவோ எடுக்காதீர்கள். காய்ந்த கிளையை அடுப்பில் எரிக்கவும் கூடாது. அந்தப் புகையும் கெடுதல். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தம்பி, தங்கை யாராவது தெரியாமல் மென்றுவிட்டால், வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். உடனே பெரியவர்களிடம் சொல்லி 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

"நித்தியகல்யாணியும் நச்சு என்றீர்களே டீச்சர்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆமாம், அதையும் தின்னக் கூடாது. ஆனால் அந்த நச்சின் கதை கொஞ்சம் வேறு மாதிரி.

கனடா நாட்டில் ராபர்ட் நோபிள் என்று ஓர் ஆராய்ச்சியாளர் இருந்தார். 1952-ம் ஆண்டு, மருத்துவரான அவருடைய அண்ணன் கிளார்க் நோபிள் அவருக்கு ஒரு தபால் உறை அனுப்பினார். அதற்குள் 25 இலைகள்! ஜமைக்கா தீவிலிருந்து வந்த நித்தியகல்யாணி இலைகள் அவை. அங்குள்ள மக்கள் சர்க்கரை நோய்க்கு இந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்களாம். உண்மைதானா என்று பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்.

ராபர்ட் நோபிள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. வேறு யாராவது இருந்தால் உறையைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். அவர் எலிகளின் இரத்தத்தை இன்னும் கவனமாகப் பார்த்தார். வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. இரத்தப் புற்றுநோயில் என்ன நடக்கிறது? கெட்டுப்போன வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. அப்படியானால் இந்த இலையில் இருப்பது அதைக் கட்டுப்படுத்துமா?

சார்லஸ் பீர் என்ற வேதியியல் அறிஞர் அவரோடு சேர்ந்துகொண்டார். இருவரும் உழைத்து இலையிலிருந்து 'வின்பிளாஸ்டின்' என்ற பொருளைப் பிரித்தெடுத்து 1958-ல் அறிவித்தார்கள். அமெரிக்காவில் எலி லில்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்களும் இதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அங்கே 'வின்கிரிஸ்டின்' என்ற இன்னொரு பொருள் கிடைத்தது. 1963-ல் அது அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. உங்கள் வயதுக் குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்கு அதற்கு முன்பு பிழைக்க வழியே இல்லை என்ற நிலைதான். இன்று நல்ல மருத்துவ வசதி உள்ள இடங்களில், வின்கிரிஸ்டினையும் வேறு சில மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்து, பெரும்பாலான குழந்தைகளைக் குணப்படுத்துகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும்! ஏன் இவ்வளவு? அந்த மருந்து இரண்டு பொருள்கள் இணைந்து உண்டாவது. செடி ஒன்றை இலையின் மேல்பூச்சு மெழுகிலும், மற்றொன்றை இலையின் உள்ளேயும் தனித்தனியாக வைத்திருக்கிறது. அபூர்வமாகத்தான் இரண்டும் சேரும். சுண்ணாம்பு ஒரு டப்பாவிலும் மஞ்சள் ஒரு டப்பாவிலும் இருந்தால் சிவப்பு நிறம் எப்படி வரும்? அந்த மாதிரி!

அதனால்தான் நம் இராமநாதபுரம், தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலி மாவட்டங்களில் நித்தியகல்யாணியை மானாவாரிப் பயிராகவே போடுகிறார்கள். மழையை மட்டும் நம்பி வளரும் பயிர். இலை, வேர் எல்லாம் காயவைத்து மருந்துக் கம்பெனிகளுக்குப் போகும். இதைப் படித்துவிட்டு "வீட்டிலேயே கஷாயம் வைக்கலாமே" என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். எத்தனை மில்லிகிராம் என்று மருத்துவர் அளந்து கொடுப்பது வேறு, நாம் கைப்பிடி இலையைக் கொதிக்க வைப்பது வேறு.

சரி, உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ எதை வைப்பது?

நான் சொல்வது இதுதான். தவழும் குழந்தை, ஆடு, மாடு, கன்றுக்குட்டி உள்ள இடத்தில் அரளி வேண்டவே வேண்டாம். நிறைய இடம் இருந்து, வேலிக்கு உயரமான பச்சைச் சுவர் வேண்டும், பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றால் வைக்கலாம். நடுவதும் வெட்டுவதும் பெரியவர்கள் வேலை. வெட்டிய கிளைகளைக் குழி தோண்டி மூடச் சொல்லுங்கள். தொட்டி வைக்கிற மொட்டைமாடி, ஜன்னல் ஓரம், வகுப்பறை வாசல் இதற்கெல்லாம் நித்தியகல்யாணிதான். அதை நீங்களே வளர்க்கலாம். அதையும் சின்னத் தம்பி, தங்கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

காய் முற்றி மஞ்சளாகும்போது, வெடிப்பதற்கு முன் பறித்து ஒரு காகிதத்தில் மடித்து வையுங்கள். இரண்டு நாளில் விதை உதிர்ந்துவிடும். மணல் கலந்த மண்ணில் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு மூடுங்கள். இந்த விதை இருட்டில்தான் நன்றாக முளைக்கும். நாற்று நாலு இலை விட்டதும் தொட்டிக்கு மாற்றுங்கள். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் பூக்கும். நுனியை ஒரு முறை கிள்ளிவிட்டால் நிறையக் கிளைக்கும். கிள்ளிய பிறகு கை கழுவ மறக்காதீர்கள்.

தினமும் தண்ணீர் ஊற்றாதீர்கள்! என் அனுபவத்தில் இந்தச் செடியைத் தண்ணீர் இல்லாமல் சாகடித்தவர்களைவிட, பாசத்தோடு தினம் இரண்டு வேளை ஊற்றி வேரை அழுக வைத்தவர்கள்தான் அதிகம். விரலை மண்ணுக்குள் ஒரு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஈரம் இருந்தால் அந்தத் தண்ணீரை வேறு செடிக்குக் கொடுங்கள்.

இன்னொரு வேலையும் தருகிறேன். நித்தியகல்யாணியின் விரியாத மொட்டைக் கூர்ந்து பாருங்கள். இதழ்கள் சுருட்டிய குடை போல ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக்கொண்டிருக்கும். பிறகு வழியில் எங்கேயாவது அரளி மொட்டைப் பார்த்தால், பறிக்காமல், அதையும் கவனியுங்கள். அதுவும் முறுக்கிக்கொண்டுதான் இருக்கும். இரண்டும் ஒரே பக்கம் முறுக்கியிருக்கின்றனவா, எதிரெதிர்ப் பக்கமா? நோட்டில் படம் வரைந்து, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.